பெஞ்சு மேல் பிரிண்டர்

பழைய பிரிண்டரைச் சரி செய்வதா, கழித்துவிட்டுப் புதிது வாங்குவதா என்று நான்கு மாதம் இழுத்தடித்தேன். வீட்டில் அதைக் கஞ்சத்தனம் என்று நினைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். காரணத்தை வாய்விட்டுச் சொன்னால் அது நிஜமாகிவிடுமோ என்ற பயம் எனக்கு. என் மகளுக்குக் காது கேட்கிறது என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே சாட்சி அந்தப் பிரிண்டர்தான்.

அப்போது பிள்ளையார்பாளையத்தில் இருந்தோம். வீட்டின் முன்கூடத்தைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறமாக நெய்யும் கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். என் கணவரும் அவருடைய அக்காவும் உட்காருவார்கள். அக்கா கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். தம்பியைவிட வேகமான கை. எனக்கு நெய்யத் தெரியாது. கணிதம் படித்தவள், கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போனவள் என்பதால் டிசைன் வேலை என் பங்குக்கு வந்தது. கரையில் வரும் அன்னத்தையோ கொடியையோ கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, நீளக் காகிதத்தில் அச்செடுத்துக் கொடுப்பேன். அட்டை குத்துகிறவர் அதைப் பார்த்துத் தறிக்கான அட்டைகளில் துளை போடுவார். கட்டம் கறுப்பாக இருந்தால் துளை, வெள்ளையாக இருந்தால் துளை இல்லை. அந்தத் துளைகளின்படி இழைகள் மேலேறி இறங்கி அன்னம் வரும். நாலைந்து தறிக்காரர்கள் என்னிடம் டிசைன் வாங்கினார்கள். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த மரியாதை அதுதான்.

பிரிண்டர் ஏதோ அலுவலகத்தில் கழித்துப் போட்ட டாட் மேட்ரிக்ஸ். நடு அறையில் ஒரு பழைய மரபெஞ்சின் மேல் வைத்திருந்தோம். பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. எத்தனை அட்டை மடித்து வைத்தாலும் ஆடும். பிரிண்டர் ஓடினால் தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி சத்தம் வரும். பெஞ்சு கிடுகிடுவென்று நடுங்கும். தெருவில் போகிறவர்கள்கூட என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்ததுண்டு.

இந்தச் சத்தத்துக்கும் தறிச் சத்தத்துக்கும் நடுவில்தான் மகள் பிறந்து வளர்ந்தாள். முன்கூடத்து உத்தரத்தில் அவளுக்குத் தூளி கட்டியிருந்தோம். தறியில் அட்டைகள் சுழலும் ஜக்கார்டு பெட்டியும் அதே உத்தரத்தில்தான் கட்டியிருந்தது. தறி ஓடும்போது நன்றாகத் தூங்குவாள். சாப்பாட்டுக்குத் தறியை நிறுத்தினால் உடனே விழித்துக்கொள்வாள்.

“பாத்தியா, தறி நின்னா முழிச்சுக்கினா. சத்தம் இல்லன்னா இவளுக்குத் தூக்கம் வராது. தறி வீட்டுப் பொண்ணுன்னா இப்பிடி இருக்கணும்” என்பார் அக்கா. வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார். அவர்களும் தங்கள் வீட்டுக் குழந்தைகளைப் பற்றி அப்படியே சொல்வார்கள். எங்கள் தெருவில் அது ஒரு பெருமை. பங்குனித் திருவிழாவில் அதிர்வேட்டு போட்டபோது மற்றக் குழந்தைகள் வீறிட்டு அழுதன. இவள் என் இடுப்பில் இருந்தபடி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். தைரியசாலி என்று மெச்சினார்கள். நானும் சேர்ந்து மெச்சினேன்.

அவளுக்கு ஒரு வயது ஆனபோது எனக்கு முதல் சந்தேகம் வந்தது. ஒன்பதாம் மாதத்தில் ‘ம்மா, ப்பா’ என்று இழுத்துக்கொண்டிருந்தாள். அது வளர்வதற்குப் பதிலாகக் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் அவள் பெஞ்சின் கீழே உட்கார்ந்து, நூல் சுற்றும் காலித் தார்க்குச்சிகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. பக்கத்தில் போய்க் கூப்பிட்டேன். திரும்பவில்லை. நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, கையில் இருந்த வேலைக்கு அச்சுக் கொடுத்தேன். பிரிண்டர் கிறீச்சிட்ட அதே நொடியில் நிமிர்ந்து பார்த்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அதன் பிறகு சந்தேகம் வரும்போதெல்லாம் பிரிண்டரை ஓடவிட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அதற்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டாம். லைன் ஃபீட் பொத்தானை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டால் பிரிண்டர் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். எழுத்துகளை வரிசையாக அடித்துத் தள்ளும். பெஞ்சின் கீழே அவள் நிமிர்வாள். நான் சுவிட்சை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போவேன். ஒரு நாளைக்கு ஒரு முறை என்று ஆரம்பித்தது, இரண்டு மூன்றாயிற்று.

“இன்னாத்துக்கு இத்தினி பேப்பரு? ஏபிசிடி அடிச்சுக்கினே இருக்கற” என்று என் கணவர் ஒருநாள் தாள்களைத் தூக்கிக் காட்டினார்.

“ரிப்பன் சரியா இருக்கான்னு பாத்தேங்க.”

“தெனமுமா?”

“வுடுறா” என்றார் அக்கா தறியில் இருந்தபடி. “படிச்ச பொண்ணு. அதுக்கு இன்னாமோ கணக்கு இருக்கும்.”

இப்படி மாதக்கணக்கில் தேவையில்லாமல் ஓட்டியதில்தானோ என்னவோ, பிரிண்டரின் தலையில் ஒரு ஊசி வேலை செய்யாமல் போயிற்று. அச்சடித்த ஒவ்வொரு வரியிலும் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. எழுத்து அடித்தால் படித்துவிடலாம். கட்டம் கட்டமாக அடிக்கும் டிசைனில் அது பெரிய குற்றம். அட்டை குத்துகிறவர் தாளை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஏம்மா, அன்னத்துக்குக் கழுத்துல கோடு போட்டிருக்கறியே, இது அட்டிகையா? இல்ல கழுத்த அறுத்துட்டியா?” என்றார். “வேணும்னு வுட்ட வெள்ளையா, மிஷின் வுட்டதான்னு ஒவ்வொரு வரிக்கும் நான் உன்னை வந்து கேட்டுக்கினு இருக்க முடியுமா?”

அக்கா சிரித்துவிட்டார். எனக்கு முகம் எரிந்தது. பேனாவால் கோடுகளை நிரப்பிக் கொடுத்தேன். அதன் பின் ஒவ்வொரு டிசைனுக்கும் அப்படியே செய்தேன். நான்கு மாதம்.

“புதுசு வாங்கிடலாம்” என்றார் கணவர். ஒரு கடையில் இங்க்ஜெட் பார்த்துவிட்டு வந்திருந்தார். “சத்தமே வரலை. பேப்பர் பாட்டுக்கு வழுக்கிக்கினு வருது. பாப்பா தூங்கினாலும் நீ வேலை பாக்கலாம்.”

“அதுல நீளப் பேப்பர் போகாதுங்க. துண்டு துண்டா ஒட்டணும். ஒட்டற எடத்துல ஒரு கட்டம் தள்ளிப்போனா கரையே கோணலாயிடும்.”

“அப்ப இதையே ரிப்பேர் பண்ணு.”

“பண்ணலாம். ஆனா பழசுக்குச் செலவு பண்ணி, அதுவும் நிக்கலைன்னா?”

“அப்ப புதுசு வாங்கு.”

“யோசிக்கறேன்.”

“யோசி, யோசி. அதுக்குள்ள பாப்பா காலேஜ் போயிடும்.”

நான் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்குள் ஓடியது வேறு. பழுதுக்குக் கொடுத்தால் பிரிண்டரை ஒரு வாரமோ பத்து நாளோ கடைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அந்தப் பத்து நாள் எதை வைத்துச் சோதிப்பேன்? புதிது வாங்கினால் அது சத்தமே போடாது. ஒன்றரை வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. ‘அவங்க அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்’ என்று அக்கா சொல்வதை நம்ப எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒருமுறை மகள் பின்கட்டில் வாளித் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தபோது பிரிண்டரை ஓடவிட்டேன். திரும்பவில்லை. தூரமாக இருக்கிறாள், தறியும் ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு முறையை மறந்துவிட முடிவு செய்தேன். கணிதம் படித்தவள் நான். ஒத்துவராத விடையை இப்படி அடித்துவிட்டுப் போகக் கூடாது என்று தெரிந்தவள்.

கடைசியில் வீட்டுக்கே வந்து பார்க்கிற மெக்கானிக் ஒருவரை என் கணவர் ஏற்பாடு செய்தார். அவர் வந்த அன்று தென்னேரியில் உறவில் ஒரு நிச்சயதார்த்தம். கணவரும் அக்காவும் காலையிலேயே போய்விட்டார்கள். தறி நின்றிருந்தது. பகலில் அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

மெக்கானிக் நாற்பது வயதுக்காரர், கலகலப்பானவர். பெஞ்சை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். “இது இன்னாம்மா, பிரிண்டரைவிட இது அதிகமா ஆடுது. இங்க வச்சுப் பாக்க முடியாது, வெளிச்சமும் பத்தாது” என்று சொல்லி, பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் மிக்ஸி வைக்கும் கடப்பைக்கல் மேடையில் வைத்தார். மகள் சமையலறை வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தார்க்குச்சிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் மேடைக்கும் மூன்று எட்டு இருக்கும்.

அவர் பொத்தானை அழுத்திச் சுவிட்சைப் போட்டார். அமைதியான வீட்டில் அந்தச் சத்தம் காதைக் கிழித்தது. கல் அசையவில்லை. நான் பழக்கத்தில் மகளைப் பார்த்தேன்.

அவள் ஒரு குச்சியின் மேல் இன்னொரு குச்சியை வைத்தாள். அது உருண்டது. மறுபடி எடுத்து வைத்தாள்.

“பாருங்கம்மா” என்று அவர் தாளை நீட்டினார். “ஒம்போது ஊசியில ஒண்ணு மாட்டிக்கிச்சு. அதை மட்டும் தனியா மாத்த முடியாது, ஹெட்டையே மாத்தணும். மெட்ராஸ்லேர்ந்து வரணும். பழசுக்கு இவ்ளோ செய்யணுமா, இல்ல புதுசு எடுத்துக்கறீங்களா, நீங்கதான் சொல்லணும்.”

“இன்னொரு தடவை போடுங்க.”

“எத்தினி தபா போட்டாலும் அதே கோடுதாம்மா வரும்.”

“பரவாயில்ல. போடுங்க.”

போட்டார். மகளின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு முடிகூட அசையவில்லை.

நான் பணத்துக்குத் தயங்குவதாக அவர் எடுத்துக்கொண்டார். “செலவுக்குப் பாக்காதீங்கம்மா. கழட்டின மிஷின்ல ஏதாச்சும் நல்ல ஹெட் இருந்தா போட்டுத் தர்றேன்” என்றார்.

“பெஞ்சு மேல வச்சு ஒரு தடவை ஓட்டுங்க.”

“எடம் மாத்தினா கோடு போயிடும்னு பாக்கறீங்களா?” என்று சிரித்தபடி தூக்கிக்கொண்டு போய் வைத்தார். நான் மகளைத் தூக்கி வந்து, முதுகு பெஞ்சுக் காலில் படும்படி வழக்கமான இடத்தில் உட்காரவைத்தேன். பிரிண்டர் ஓடியது. நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் நடுங்குகிற பெஞ்சுக் காலைப் பிடித்துக்கொண்டாள். எத்தனையோ நாள் அவள் அப்படிப் பிடித்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவளைத் தூக்கி ஒரு முழம் தள்ளித் தரையில் உட்காரவைத்தேன். முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று. மறுபடி பெஞ்சை நோக்கி நகரப் பார்த்தாள்.

“பாப்பாவுக்கு இது வெளையாட்டுச் சாமான் போல. அதுக்காகவாச்சும் வச்சுக்கோங்க” என்றார் மெக்கானிக். பிறகு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். “சீக்கிரம் சொல்லுங்கம்மா. இந்த மாடலுக்கு ஹெட்டு வர்றதே கொறைஞ்சுபோச்சு.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் போன பிறகு மகளின் கையை என் தொண்டையில் வைத்துக்கொண்டு அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினொரு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்கே விளக்க முடியவில்லை. நான் தவறாகப் பார்த்திருக்கலாம். குழந்தைக்கு அன்று சளி இருந்தது. விளையாட்டில் மும்முரமாக இருந்திருப்பாள். அவள் பின்னால் நின்று தாம்பாளத்தைத் தட்டினேன். தோசைக்கல்லைக் கரண்டியால் அடித்தேன். ஒருமுறை, தாம்பாளத்தை ஓங்கித் தட்டியபோது, திரும்பினாள். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் கிடந்தேன். பிறகு அவள் திரும்பியது என் நிழல் சுவரில் அசைந்ததற்கு என்று புரிந்தது.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம், தறியின் பக்கத்தில் போய் நின்று சொன்னேன். தறியை நிறுத்தினார்கள். நிறுத்தியதும் தூளியில் மகள் விழித்துக்கொண்டாள்.

“பாரு, இப்பதான் நிறுத்தினோம், முழிச்சுக்கினா” என்றார் அக்கா. கோபமாகச் சொன்னார். “காது கேக்காத கொழந்தை எப்பிடி முழிக்கும்? சும்மா எதையாவது படிச்சுட்டு வந்து பேசக் கூடாது.”

“தூளியும் ஜக்கார்டும் ஒரே உத்தரத்துல கட்டியிருக்குக்கா. தறி ஓடினா தூளி அதிரும். நின்னா நிக்கும். அதுக்குத்தான் முழிக்கறா.”

என் கணவர் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார். மறுநாள் மகளைத் தூளியில் போடாமல் அவரே தோளில் போட்டுத் தூங்கவைத்து, தரையில் கோரைப்பாய் மேல் படுக்கவைத்தார். “அக்கா, நீ ஓட்டு” என்றார். அக்கா தனியாகவே மிதியை மிதித்து அடித்தார். பிறகு நிறுத்தினார். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுபடி ஓட்டினார்; மறுபடி நிறுத்தினார்.

“அசந்து தூங்குது போல” என்றார் அக்கா.

“நீ ஓட்டுக்கா” என்றார் கணவர்.

மூன்றாவது முறை நிறுத்தியபோது அக்கா தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடியே உட்கார்ந்திருந்தார். அன்று மேற்கொண்டு யாரும் நெய்யவில்லை. அடுத்த நாள் யாரும் கேட்காமலே தூளியை அவிழ்த்து, மடித்து, பரணில் போட்டுவிட்டார்.

சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். குழந்தையைத் தூங்கவைத்துத் தலையில் கம்பிகளை ஒட்டிப் பரிசோதனை செய்தார்கள். மிகப் பெரிய சத்தம் மட்டும் கொஞ்சம் எட்டும், அதுவும் காதுக்கு மெஷின் வைத்தால் என்றார் பரிசோதித்த அம்மா. அதட்டாத குரல். பிறகு தாளில் எழுதிக்கொண்டே கேட்டார்: “உங்களுக்கு எப்பம்மா மொதல்ல சந்தேகம் வந்தது?”

என் கணவர் என்னைப் பார்த்தார்.

“போன மாசம்” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். நிஜத்தில் எட்டு மாதம் ஆகியிருந்தது. எவ்வளவு சீக்கிரம் வந்தால் அவ்வளவு நல்லது, பேச்சு வர வேண்டிய வயதில் ஒவ்வொரு மாதமும் முக்கியம் என்று அவர் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். சரிங்க, சரிங்க என்று தலையாட்டினேன். அந்தத் தாளில் இன்றைக்கும் போன மாசம் என்றுதான் இருக்கும். என் கணவரிடம் அதை நான் திருத்திச் சொல்லவே இல்லை. சொல்ல வாய்ப்பு வந்தபோதெல்லாம், இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஒரு மனம். இது உனக்குச் சௌகரியமான நியாயம் என்று இன்னொரு மனம்.

கருவி ஒரு சின்னப் பெட்டி. நெஞ்சில் தொங்க வேண்டும்; அதிலிருந்து இரண்டு காதுக்கும் ஒயர் போகும். அக்கா ஒரு பட்டுத் துண்டில் அதற்குப் பை தைத்துக் கொடுத்தார். தைக்கும்போது பழைய டிசைன் துண்டா, என் டிசைன் துண்டா என்று பார்த்து, என்னுடையதையே எடுத்தார். கழுத்தில் கோடு விழாத அன்னம்.

கருவி போட்ட மூன்றாம் நாள் ஓர் அச்சு வேலை வந்தது. மகள் வழக்கம்போல் பெஞ்சின் கீழே இருந்தாள். எதுவும் நினைக்காமல் அச்சுக் கொடுத்தேன். இல்லை, அப்படிச் சொல்வது பொய். நினைத்துத்தான் கொடுத்தேன். இந்த முறை நிஜமாகக் கேட்டுத் திரும்புவாள், ஒரே ஒரு முறை அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பிரிண்டர் கிறீச்சிட்டது. மகள் திரும்பவில்லை, அலறினாள். இரண்டு கையாலும் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பெஞ்சிலிருந்து விலகி ஓடி, சுவரோரம் போய் ஒண்டிக்கொண்டாள். என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தினமும் தன்னோடு விளையாடிய ஒன்று கடித்துவிட்டால் குழந்தை பார்க்குமே, அப்படி. அதன் பிறகு ஒரு வாரம் கருவியைக் காதுப் பக்கமே கொண்டுபோகவிடவில்லை.

பிரிண்டரைப் பற்றி வீட்டில் யாரும் மேற்கொண்டு பேச வேண்டியிருக்கவில்லை. மெக்கானிக் வந்தார். உதிரிக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, “அப்பவே புதுசுன்னு சொல்லியிருந்தா இவ்ளோ நாள் வீணாப் போயிருக்காதேம்மா” என்றார். அவர் பிரிண்டரைத்தான் சொன்னார்.

புது இங்க்ஜெட் அதே பெஞ்சின் மேல் வந்து உட்கார்ந்தது. முதல் நாள் ஒரு கொடி டிசைனை அடிக்கவிட்டேன். தாள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. துண்டு துண்டாக வரும் அதை ஒட்ட வேண்டுமே என்று கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தேன். மகள், கருவியைப் பட்டுப் பையில் மாட்டிக்கொண்டு, மெதுவாகப் பெஞ்சருகே வந்தாள். உள்ளங்கையைப் பெஞ்சின் பலகையில் விரித்து வைத்தாள். பலகை நடுங்கவில்லை. முதல் தாள் வந்து விழுந்தது. இரண்டாவதும் வந்து விழுந்தது. கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சின் மறுமுனையைப் பிடித்து, குட்டைக் கால் தரையில் இடிக்க இடிக்க ஆட்டினேன்.